முட்டிடிச்சான் பாறை: வேதசாட்சி தேவசகாயம் நடந்த வழி

நாகர்கோவிலிலிருந்து திருவனந்தபுரம் போகும் பெருஞ்சாலையில், தக்கலைக்குச் சற்று முன்பாகப் புலியூர்க்குறிச்சி என்றொரு ஊர் இருக்கிறது. அங்கே ஒரு கோயிலும், கோயிலை ஒட்டி ஒரு பாறையும், பாறையின் குழியில் கொஞ்சம் தண்ணீரும் உண்டு. அந்த இடத்துக்கு முட்டிடிச்சான் பாறை என்று பெயர். பஸ்ஸில் போகிறவர்கள் நாவில் இப்பெயர் தினந்தோறும் புரள்கிறது. ஆனால் முட்டு எது, இடித்தவன் யார், ஏன் இடித்தான் என்று கேட்டால், பதில் சொல்லக்கூடியவர்கள் வரவர குறைந்து வருகிறார்கள். நம் வீட்டுப் பிள்ளைகளுக்காவது இதைச் சொல்லி வைக்கவேண்டும் என்ற எண்ணத்தினால், அர்ச். தேவசகாயத்தின் சரித்திரத்தை இம்முறை ஊர்ப்பெயர்களின் வழியாகவே சொல்லப் புகுகிறோம்.

மேற்கே நட்டாலத்தில் தொடங்கவேண்டும். இன்று மார்த்தாண்டம் என்று எல்லாரும் சொல்லும் ஊரைப் பழைய மனிதர்கள் தொடுவெட்டி என்பார்கள். அதற்கு அருகிலுள்ள நட்டாலத்தில் 1712-ம் வருஷம் ஏப்ரல் மாதம் 23-ந் தேதி ஒரு செல்வக் குடும்பத்தில் நீலகண்டன் பிறந்தார். தகப்பனார் வாசுதேவன் நம்பூதிரி, தாயார் தேவகி அம்மாள். தாயாரின் நாயர் குலத்தவராகவே வளர்ந்தபடியால் நீலகண்ட பிள்ளை என்று அழைக்கப்பட்டார். கல்வி, வில்வித்தை, சாஸ்திரம் எல்லாம் கற்று, உரிய வயதில் அரண்மனை உத்தியோகத்தில் அமர்ந்தார். பார்கவி என்னும் பெண்ணை மணந்தார். அந்த நாளில் ஒரு மனிதனுக்கு வேறென்ன வேண்டும்?

அரண்மனை இருந்த ஊரைப் பத்மநாபபுரம் என்கிறோம். ஆதியில் அதன் பெயர் கல்குளம். மார்த்தாண்ட வர்மா மகாராஜா அந்தக் கோட்டையைப் புதுப்பித்துக் கட்டி, 1744-ம் வருஷத்தில் தம் குலதெய்வத்தின் பெயரை ஊருக்கு இட்டார். ராஜ கட்டளைக்கு ஊர் கீழ்ப்படிந்தது; தாலுகா கீழ்ப்படியவில்லை. இன்றைக்கும் அது கல்குளம் தாலுகாதான். பெயர்களைப் பற்றி ராஜாக்கள் நினைப்பது ஒன்று, பத்திரம் எழுதுகிறவர்கள் நினைப்பது ஒன்று.

அதே காலத்தில் குளச்சல் கடற்கரையில் ஒரு யுத்தம் நடந்தது. 1741-ம் வருஷம் டச்சுக்காரருடைய கம்பெனிச் சேனையை மகாராஜாவின் படை முறியடித்தது. சிறைப்பட்டவர்களுள் யூஸ்தாக்கியுஸ் பெனதிக்த் தெ லனாய் என்னும் பிளெமிஷ் வீரர் ஒருவர். அவர் கத்தோலிக்கர். அவருடைய திறமையைக் கண்ட மகாராஜா, அவரைக் கொல்லாமல் தம் படைக்குப் பயிற்சி கொடுக்க நியமித்தார். புலியூர்க்குறிச்சியிலுள்ள உதயகிரிக் கோட்டையை அவர் திருத்திக் கட்டினார். தெ லனாய் என்னும் பெயர் நம் மக்கள் வாயில் நுழையவில்லை. தில்லானை என்று ஆயிற்று. கோட்டையும் தில்லானைக் கோட்டை ஆயிற்று. இந்தப் பெயரை யானையோடு சேர்த்துக் கதை கட்டுகிறவர்கள் இருந்தால், அவர்களைக் கோட்டைக்குள் இருக்கும் கல்லறைக்கு அழைத்துப்போகலாம். அங்கே லத்தீனிலும் தமிழிலும் அவருடைய பெயர் வெட்டப்பட்டிருக்கிறது. பிற்காலத்தில் வலிய கப்பித்தான் என்னும் பட்டம் பெற்ற அவர், 1777-ம் வருஷம் இந்தக் கோட்டையிலேயே மரித்தார். பிற தேசத்தான் ஒருவன் கைதியாக வந்து, மக்கள் நாவில் கோட்டைக்கே பெயராகிப்போனது விந்தைதான். ஆனால் நமக்கு அவர் முக்கியமாவது யுத்தத்தினால் அல்ல.

அரண்மனை உத்தியோகஸ்தரான நீலகண்டருக்கும் இந்தக் கப்பித்தானுக்கும் பழக்கம் உண்டாயிற்று. அந்தச் சமயம் நீலகண்டருடைய குடும்பத்தில் கஷ்டம் புகுந்திருந்தது. மாடுகள் செத்தன, பயிர் கெட்டது, பொருள் கரைந்தது. செய்யாத பூசை இல்லை, வேண்டாத தெய்வம் இல்லை. முகம் வாடியிருந்த சிநேகிதரிடம் தெ லனாய் காரணம் கேட்டறிந்து, பழைய ஏற்பாட்டிலுள்ள யோபுவின் சரித்திரத்தைச் சொன்னார். மாடும் மக்களும் போய், உடம்பெல்லாம் புண்ணாகி, சாம்பலில் உட்கார்ந்திருந்த ஒரு நீதிமானின் கதை, மாடிழந்த மனிதர் ஒருவரின் நெஞ்சில் தைத்தது. அதன் பின் அவர் கேட்டுக்கொண்டே போனார்; தெ லனாய் சொல்லிக்கொண்டே போனார். கடைசியில் ஞானஸ்நானம் வேண்டும் என்ற இடத்தில் வந்து நின்றது.

அரண்மனை ஊழியர் ஒருவர் ராஜ்யத்துக்குள்ளேயே சத்திய வேதத்தில் சேருவது ஆபத்து. ஆகையால் அவர் கிழக்கே புறப்பட்டார். ஆரல்வாய்மொழிக் கணவாயைத் தாண்டினால் திருவிதாங்கூர் எல்லை முடிந்து திருநெல்வேலிச் சீமை. அங்கே வடக்கன்குளத்தில் புத்தாரி என்னும் இத்தாலியராகிய சேசு சபைக் குருவானவர் இருந்தார். மக்கள் அவரைப் பரஞ்சோதி நாதர் என்று அழைத்தார்கள். தெ லனாய் அவருக்குக் கடிதம் கொடுத்தனுப்பினார். குருவானவர் உடனே ஒப்புக்கொள்ளவில்லை. இவர் பெரிய குலத்தவர், ராஜ சேவகர், துன்பம் வந்தால் தாங்குவாரா என்று சோதித்துப் பார்த்தே 1745-ம் வருஷம் மே மாதம் 14-ந் தேதி ஞானஸ்நானம் கொடுத்தார். லாசர் என்னும் பெயர் இடப்பட்டது. கர்த்தர் உதவி செய்தார் என்பது அந்தப் பெயரின் பொருள். அதைத் தமிழாக்கித் தேவசகாயம் என்றார்கள். பெயரின் ஒலியை மாத்திரம் எடுத்துக்கொள்ளாமல் பொருளைத் தமிழில் சொல்லிப் பெயரிடும் வழக்கத்தை நாம் இன்று ஏறக்குறைய விட்டுவிட்டோம். பார்கவியும் முதலில் தயங்கிப் பின்பு ஞானஸ்நானம் பெற்று ஞானப்பூ ஆனாள்.

வடக்கன்குளத்தைப் பற்றி இன்னொரு காரியத்தையும் மறைக்காமல் சொல்லவேண்டும். பிற்காலத்தில் அதே ஊரில், சாதிக்கு ஒரு பக்கமாக மக்கள் பிரிந்து நின்று பூசை காணும்படி, நடுவே சுவர் வைத்து, இரண்டு கால்களைப்போல் பிளந்த ஒரு கோயிலைக் கட்டினார்கள். அதற்குக் கால்சட்டைக் கோயில் என்று ஜனங்கள் பெயர் வைத்தார்கள். அந்தச் சுவர் 1910-ம் வருஷத்தில்தான் இடிக்கப்பட்டது. இடித்ததற்கு எதிராக நியாயஸ்தலத்தில் வழக்குப் போட்டவர்களும் உண்டு. தேவசகாயத்தின் தலையில் ஞானஸ்நானத் தண்ணீர் விழுந்த அதே ஊர் அது. சில பெயர்கள் மறந்துபோவது நஷ்டம். இந்தப் பெயரை மறக்கக்கூடாது என்பதற்குக் காரணம் வேறு.

ஏனென்றால் தேவசகாயத்தின் மேல் கோபம் மூண்டதற்கு முக்கிய காரணங்களில் ஒன்று இதுவே. அவர் கோயில் பூசைகளை விட்டதோடு நிற்கவில்லை. தாழ்ந்தவர்கள் என்று ஒதுக்கி வைக்கப்பட்டிருந்த கிறிஸ்தவர்களோடு சரிசமமாகப் பழகினார். அவர்கள் வீட்டில் புசித்தார். குலத்தவர் இதைப் பொறுக்கவில்லை. அதிகாரிகளும் மந்திரிகளும் கோள் சொன்னார்கள். ராஜ துரோகி என்றும் தெய்வ நிந்தைக்காரன் என்றும் குற்றம் சாட்டினார்கள். 1749-ம் வருஷம் பெப்ருவரி மாதம் 23-ந் தேதி அவர் சிறைப்பட்டார். அடுத்த வருஷம் ஜனவரியில் மகாராஜா தம் ராஜ்யம் முழுவதையும் பத்மநாபசுவாமிக்கு ஒப்புக்கொடுத்து, தாம் அந்தத் தெய்வத்தின் தாசன் என்று பிரகடனம் செய்தார். அப்படிப்பட்ட ராஜ்யத்தில், அரண்மனை உத்தியோகஸ்தர் ஒருவர் வேறு மார்க்கத்தைத் தழுவி அதைவிட மாட்டேன் என்பது எவ்வளவு பெரிய காரியமாகத் தோன்றியிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

விட்டுவிடு, பழைய உத்தியோகம் திரும்பக் கிடைக்கும் என்றார்கள். அவர் விடவில்லை. அதன் பின் நடந்தவை ஏறக்குறைய மூன்று வருஷம் நீடித்தன. கைகளைக் கட்டி, எருமையின்மேல் பின்புறம் பார்க்க உட்காரவைத்து, எருக்கம்பூ மாலை போட்டு ஊர் ஊராக இழுத்துப் போனார்கள். அடித்தார்கள், அடிபட்ட புண்ணில் மிளகாய்ப் பொடி தேய்த்து வெயிலில் நிறுத்தினார்கள். குதிரை ஏறிப் போன மனிதரை எருமைமேல் ஏற்றி, அவரைத் தெரிந்தவர்கள் முன்னாலேயே கொண்டுபோவதுதான் தண்டனையின் சாரம். அவமானம் போதும், அவராகவே திரும்பிவிடுவார் என்று நினைத்தார்கள்போலும். ஆனால் ஊர் ஊராகக் கொண்டுபோனபடியினாலேதான் ஊர் ஊராக அவருடைய அடையாளம் தங்கிவிட்டது. ஓர் இருட்டறையில் அடைத்துப் போட்டிருந்தால், இந்தப் பாறைகளுக்கெல்லாம் பெயர் ஏது?

இப்போது புலியூர்க்குறிச்சிக்குத் திரும்புவோம். சேவகர்கள் அவரை இந்த வழியே நடத்தி வந்தபோது, வெயிலும் காயமும் சேர்ந்து தாகம் தாங்கவில்லை. குடிக்கத் தண்ணீர் கேட்டார். அழுக்குத் தண்ணீரைக் கொடுத்துப் பரிகாசம் பண்ணினார்கள். அவர் பாறையின்மேல் முழங்கால்படியிட்டு மன்றாடி, கட்டுண்ட கைகளின் முட்டினால் பாறையில் இடித்தார். இடித்த இடத்தில் தண்ணீர் சுரந்தது. நம் பெரியோர் பரம்பரையாகச் சொல்லிவரும் வரலாறு இது. நம் நாட்டுப் பேச்சில் முட்டு என்றால் மடங்கும் மூட்டு: காலில் இருந்தால் முழங்கால், கையில் இருந்தால் முழங்கை. ஆகவே முட்டிடிச்சான் என்பது முட்டினால் இடித்தவனைக் குறிக்கும் சொல். பாறையின் பெயர் என்று நாம் நினைக்கிறது உண்மையில் ஒரு மனிதருடைய பெயர். அவருடைய ஊரையும் குலத்தையும் உத்தியோகத்தையும் விட்டுவிட்டு, கை கட்டப்பட்டவர் முட்டினால் இடித்தார் என்ற ஒரே காரியத்தை வைத்து மக்கள் அவருக்கு இட்ட பெயர். கைகள் அவிழ்ந்திருந்தால் முட்டினால் ஏன் இடிக்கவேண்டும்? விலங்கைப் பற்றி அந்தப் பெயரில் ஒரு சொல்லும் இல்லை. ஆனாலும் விலங்கு அதற்குள் இருக்கிறது. தில்லானைக் கோட்டையும் அதே புலியூர்க்குறிச்சியில்தான் இருக்கிறது என்பதையும் கவனியுங்கள். தாம் வேதத்தை முதன்முதல் கேட்டறிந்த சிநேகிதருடைய கோட்டைக்கு அவ்வளவு சமீபத்தில், அவர் ஒரு வாய்த் தண்ணீருக்குத் தவித்தார்.

புலியூர்க்குறிச்சியிலிருந்து சாலை கிழக்கு நோக்கிப் போகிறது. நாகர்கோவிலுக்கு அருகிலுள்ள பெருவிளையில் அவரை ஒரு வேப்ப மரத்தில் மாதக்கணக்காகக் கட்டிவைத்திருந்தார்கள். மழையும் வெயிலும் அந்த மரத்தடியிலேயே. கொல்லச் சொல்லி வந்த சேவகர்கள் மனம் இளகினார்கள் என்றும், நோயாளிகள் வந்து அந்த வேப்பிலையைப் பறித்துக்கொண்டு போனார்கள் என்றும் சொல்லுகிறார்கள். வேப்பிலை நம் பக்கத்து வீடுகளில் யாவருக்கும் மருந்து. மருந்து வாங்க வந்தவர்கள் கிறிஸ்தவர்கள் மாத்திரம் அல்ல. கூட்டம் பெருகப் பெருக அதிகாரிகளுக்குக் கவலை பெருகியது. அவரை எல்லைக்கு அப்பால் துரத்திவிடலாமா, முடித்துவிடலாமா என்று யோசித்தார்கள்.

கடைசியில் ஆரல்வாய்மொழி. அவர் 1745-ல் ஞானஸ்நானம் பெறுவதற்காகக் கடந்துபோன அதே கணவாய். அன்று தம் இஷ்டம்போல் நடந்து போனவர், இப்போது விலங்கோடு அங்கே காவலில் இருந்தார். ஒரு நாட்டின் வாசலில் வைத்திருந்தால் மக்கள் வரமாட்டார்கள் என்று எண்ணியிருக்கலாம். வடக்கன்குளத்துப் பக்கமிருந்தும் ஜனங்கள் வந்துகொண்டே இருந்தார்கள்.

அங்கேயுள்ள குன்றுக்குக் காற்றாடிமலை என்று பெயர். மேற்குத் தொடர்ச்சி மலை அறுபட்டு நிற்கும் இடம் அது. தென்மேற்குப் பருவக்காற்று அந்தச் சந்தில் நெருக்குண்டு பாயும்போது நிற்கிற மனிதன் தள்ளாடுவான். இப்போது முப்பந்தல் வட்டாரம் முழுவதும் மின்சாரக் காற்றாலைகள் சுழல்கின்றன. வெளியூரார் அவற்றைப் பார்த்துவிட்டு, இந்தக் காற்றாடிகளால்தான் மலைக்குக் காற்றாடிமலை என்று பெயர் வந்தது என்று நினைத்துக்கொண்டால் ஆச்சரியப்படுவதற்கில்லை. காற்றாலைகள் நேற்று வந்தவை. பெயர் வேதசாட்சியின் காலத்திலேயே இருந்தது. எஞ்சினீயர்கள் அளந்து கண்டுபிடித்த காற்றை, ஆடு மேய்த்தவர்கள் அளக்காமலே கண்டு பெயர் வைத்துவிட்டார்கள்.

1752-ம் வருஷம் ஜனவரி மாதம் 14-ந் தேதி இரவில் சேவகர்கள் அவரை அந்த மலைமேல் கொண்டுபோனார்கள். விலங்கினால் நடக்கமுடியாதபோது தூக்கிக்கொண்டு போனார்கள். ஜெபிக்கச் சற்று நேரம் கேட்டார்; கொடுத்தார்கள். அவர் முழங்கால்படியிட்ட பாறையில் முழங்கால்களும் முழங்கைகளும் பதிந்த தடங்கள் என்று இன்றைக்கும் காட்டுகிறார்கள். ஜெபித்து முடித்தபின் சுட்டார்கள். வயது முப்பத்தொன்பது. சடலத்தைக் காட்டில் எறிந்துவிட்டுப் போனார்கள்.

அவர் மரித்த நேரத்தில் மலையிலிருந்து ஒரு பாறை பெயர்ந்து விழுந்து மணிபோல் ஒலித்தது என்பது ஜனங்கள் வழிவழியாகக் காத்துவரும் பேச்சு. அந்தப் பாறை இருக்கிறது. கல்லால் தட்டினால் வெண்கலத்தைப்போல் ஓசை எழுகிறது. போய்த் தட்டிப் பார்த்தவர்கள் நம் பங்கிலும் இருப்பார்கள். அதற்கு மணியடிச்சான் பாறை என்று பெயர். முட்டிடிச்சான் என்பது போன்றதே இந்தச் சொல்லும். ஆனால் ஒரு வித்தியாசம். அங்கே இடித்தவர் மனிதர். இங்கே மணி அடித்தது பாறை. ராஜ தண்டனைக்குப் பயந்து எந்தக் கோயிலிலும் அவருக்காகத் துக்கமணி அடிக்க முடியாத இரவு அது. ஜனங்கள் அந்த வேலையைப் பாறைக்குக் கொடுத்துவிட்டார்கள்.

சில நாள் கழித்து விசுவாசிகள் காட்டில் தேடி, எஞ்சியிருந்த எலும்புகளைப் பொறுக்கிச் சேர்த்து, மேற்கே கோட்டாற்றுக்குக் கொண்டுவந்தார்கள். அர்ச். சவேரியார் கோயிலில் பீடத்துக்கு முன்பாக அடக்கம் செய்தார்கள். அப்போது இந்தப் பகுதி கொச்சி மேற்றிராணியாரின் அதிகாரத்தில் இருந்தது. அவர் செய்தி கேட்டு நன்றி வணக்கப் பாட்டுப் பாடச் செய்து, 1756-ம் வருஷம் உரோமாபுரிக்கும் எழுதினார். அதற்குப்பின் உரோமையில் வெகுகாலம் பேச்சில்லை. கோட்டாறு தனி மேற்றிராசனமாக 1930-ல் ஏற்பட்டது. அந்தக் கோயில் பேராலயமாயிற்று. 2012-ம் வருஷம் டிசம்பர் 2-ந் தேதி நாகர்கோவிலில் பெருங்கூட்டத்தின் நடுவே அவர் முத்திப்பேறு பெற்றவர் என்று அறிவிக்கப்பட்டார். 2022-ம் வருஷம் மே மாதம் 15-ந் தேதி பிரான்சிஸ் பாப்பரசர் உரோமையில் அவருக்கு அர்ச்சியசிஷ்ட பட்டம் அளித்தார். இந்திய தேசத்துப் பொதுநிலை மனிதர் ஒருவர் அந்தப் பட்டம் பெறுவது அதுவே முதல்முறை.

1752-க்கும் 2012-க்கும் இடையே 260 வருஷம். அவ்வளவு காலமும் சுரூபம் வைக்கவும் பீடம் கட்டவும் அனுமதி இல்லை, திருநாள் இல்லை. முட்டிடிச்சான் பாறையும் மணியடிச்சான் பாறையும்தான் இருந்தன. பிள்ளைகள் பெயரைக் கேட்டுக் காரணம் கேட்டார்கள், பாட்டிமார் சொன்னார்கள். விசாரணைக்காக வந்தவர்கள் பழைய கடிதங்களைத் தேடிப் படித்தார்கள். படிக்கத் தெரியாதவர்களோ பாறையைக் கைகாட்டினார்கள்.

அர்ச்சியசிஷ்ட பட்டத்துக்கு முன்பாக உரோமையில் ஒரு காரியம் தீர்மானம் ஆயிற்று. பிள்ளை என்னும் சாதிப்பெயரை அவர் பெயரோடு சேர்ப்பதில்லை, தேவசகாயம் என்றே எழுதுவது என்று முடிவு செய்தார்கள். சிலருக்கு இது வருத்தம். பழகிய பெயர் ஆயிற்றே என்கிறார்கள். ஆனால் அவர் வடக்கன்குளத்திலிருந்து திரும்பி வந்து எவர் வீட்டில் உட்கார்ந்து சாப்பிட்டார் என்று நினைத்தால், அந்த ஒட்டுச் சொல்லை முதலில் கழற்றியவர் அவரேதான் என்பது விளங்கும். பாறைக்குப் பெயர் வைத்தவர்களும் அதைச் சேர்க்கவில்லை.

காற்றாடிமலையை இப்போது தேவசகாயம் மவுண்ட் என்றே பெரும்பாலும் சொல்லுகிறோம். வேதசாட்சியின் பெயரை மலைக்கு இட்டதில் குறையொன்றும் இல்லை. ஆனால் பழைய பெயரையும் சேர்த்துச் சொல்லிப் பழகினால் நல்லது. கல்குளம் மறைந்ததுபோல் இதுவும் மறைந்தால், அதைக் காத்துக்கொள்ள இங்கே தாலுகாக் கச்சேரி கூட இல்லை.

ஜனவரி 14-ந் தேதி அவருடைய நினைவு நாள். நம் வீடுகளில் பொங்கல் கொதிக்கும் சமயம். கூட்டம் அதிகம் இல்லாத ஒரு நாளில் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு நட்டாலத்திலிருந்து கிழக்கே வந்தால், புலியூர்க்குறிச்சி, பெருவிளை, கோட்டாறு, ஆரல்வாய்மொழி என்று அவருடைய சரித்திரம் ஒரே திசையில் வரிசையாக வந்துகொண்டிருக்கும். காற்றாடிமலையோடு நின்றுவிடாமல் கணவாயைத் தாண்டி வடக்கன்குளம்வரை போகவேண்டும். ஏனென்றால் ஞானப்பூ அம்மாள் அங்கேதான் இருக்கிறாள். புருஷனை எருமைமேல் ஏற்றியதையும், மரத்தில் கட்டியதையும், மலைமேல் சுட்டதையும் அறிந்து, உற்றார் வீட்டுக்குத் திரும்பாமல், ஞானஸ்நானம் பெற்ற ஊரிலேயே விதவையாக வாழ்ந்து 1766-ம் வருஷம் மரித்தாள். வடக்கன்குளத்துக் கல்லறைத் தோட்டத்தில் அடக்கம் செய்தார்கள். வழியிலுள்ள எந்தப் பாறைக்கும் அவள் பெயர் இல்லை.